ட்ரெய்லர் இழுத்துக்கொண்டு கதிர்காமம் போகிறவர்களுக்கு: ஸ்பெயார் டயர் பற்றி

கொட்டகலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆடி மாதம் கதிர்காமத் திருவிழாவுக்கு எங்கள் தோட்டக் கோயில் குழுவின் அன்னதானப் பாத்திரங்கள், அரிசி மூட்டை, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ட்ரெய்லரில் ஏற்றி டபுள் கெப்பில் இழுத்துக்கொண்டு போகப்போகிறோம். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, எல்ல வழியாக வெல்லவாய இறங்கிப் போவதாகத் திட்டம். கெப்புக்கு அடியில் ஒரு ஸ்பெயார் டயர் இருக்கிறது. அது போதுமா? ட்ரெய்லருக்கு இன்னொன்று வேண்டும் என்றால் எங்கே கட்டுவது, எப்படிப் பார்த்துக்கொள்வது?"

ஒலி, ஒளி சேவைக்காகப் பத்தொன்பது வருடமாக இந்த மலைப் பாதைகளில் ஜெனரேட்டர் ட்ரெய்லர் இழுக்கிறேன். எனக்குத் தெரிந்ததை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதியாகத் தெரிந்துகொண்டால் ரோட்டோரத்தில் நிற்க வேண்டி வரும்.

டயர் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஒரு வேலை செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ட்ரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, ஒரு பக்கச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கெப்புக்கு அடியில் தொங்குகிற ஸ்பெயார் டயரை இறக்கி அங்கே மாட்டிப் பாருங்கள். நட்டு எல்லாவற்றையும் இறுக்கி, ஜாக்கை இறக்கி, நூறு அடி இழுத்துப் பாருங்கள். வீட்டு வாசலில் ஒருமுறையாவது மாட்டிப் பார்க்காத டயரை ஸ்பெயார் டயர் என்று நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கும்போது, இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் ட்ரெய்லரின் இடது டயர் பக்கவாட்டில் கிழிந்து போனது. மாலை நாலரை மணி இருக்கும். ஸ்பெயார் டயர் இருந்தது, காற்றும் நிறைவாக இருந்தது, துளைகளும் ஆறுக்கு ஆறு பொருந்தின. ஆனால் ரிம் உள்ளே போய் உட்காரவில்லை. ட்ரெய்லரின் அச்சு பழைய வேன் ஒன்றிலிருந்து எடுத்துப் பொருத்தியது. அதன் நடுவில் கிரீஸ் மூடி தடியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் ரிம்மின் நடுத்துளை அதைவிட ஒரு நூல் சிறியது. விரல் நகம் அளவு இடைவெளி விட்டு ரிம் நின்றுகொண்டது. நட்டைப் போட்டு இறுக்கினால் ஒருவேளை ஓடியிருக்கும், ஆனால் அந்த இறக்கத்தில் அதை நம்பி இறங்க முடியுமா? மச்சானை ட்ரெய்லருக்குக் காவல் வைத்துவிட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு வெல்லவாய டயர் கடைக்குப் போனேன். ஸ்பெயாரிலிருந்த டயரைக் கழற்றி ட்ரெய்லரின் சொந்த ரிம்மில் போட்டுக்கொண்டு திரும்பி வர இரவு பத்தரை ஆகிவிட்டது. ட்ரெய்லர் வாங்கிய அன்றே வாசலில் மாட்டிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும் விஷயம்.

ஆகவே பொருத்தம் பார்க்கும்போது துளைகளின் எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். துளைகளுக்கு இடையிலான தூரம், நடுத்துளையின் அகலம், நட்டின் கூம்பு ரிம்மின் பள்ளத்தில் சரியாக உட்காருகிறதா, மட்கார்டில் டயர் உரசுகிறதா, இவ்வளவையும் பாருங்கள். நம்மூரில் ஓடுகிற பெரிய கெப்கள் பலவற்றில் ஆறு நட்டு, அந்தத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர். வெல்டிங் பட்டறையில் செய்கிற ட்ரெய்லர்களோ கிடைத்த அச்சை வைத்துச் செய்தவை; ஐந்து நட்டு 114.3 வட்டம் நிறையப் பார்க்கிறேன். அப்படியென்றால் கெப்பின் ஸ்பெயார் ட்ரெய்லருக்கு எந்த வகையிலும் உதவாது. ட்ரெய்லருக்குத் தனி ஸ்பெயார் கட்டாயம். புதிதாக ட்ரெய்லர் செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கெப்பின் ரிம் அப்படியே மாட்டக்கூடிய ஹப் (அச்சின் முனையில் ரிம் பொருந்துகிற பாகம்) போடச் சொல்லிப் பட்டறையில் பிடிவாதமாக நில்லுங்கள். அப்போது இரண்டு ஸ்பெயாரும் எந்தச் சக்கரத்துக்கும் போகும். கொஞ்சம் கூடச் செலவாகும், ஆனால் அதன் அருமை பயணத்தில் தெரியும்.

ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கு என் பதில்: ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை போய் வர ஒன்று போதும். வழியெல்லாம் டயர் கடை உண்டு. கதிர்காமம் போன்ற பயணத்துக்கு இரண்டு வேண்டும், அதிலும் ஒன்று கட்டாயம் ட்ரெய்லருக்கு உரியதாக இருக்க வேண்டும்.

ஏன் ட்ரெய்லருக்கு இவ்வளவு முக்கியம் என்றால், கெப்பில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் இழுக்கும், பின்பக்கம் ஆடும், ஓட்டுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். ட்ரெய்லரில் இறங்கினால் ஒன்றும் தெரியாது. ரப்பர் கருகுகிற வாடை வந்த பிறகோ, எதிரே வருகிற பஸ்காரர் கை காட்டிச் சத்தம் போட்ட பிறகோதான் தெரியும். அதற்குள் டயர் நாராகியிருக்கும், சில நேரம் ரிம்மும் போயிருக்கும். கடையில் ஒட்டிச் சரி செய்யக்கூடிய ஒரு சின்ன ஆணி ஓட்டை, ட்ரெய்லரில் ஒரு முழு டயரைத் தின்றுவிடுகிறது.

அப்புறம் மலைப் பாதைக்கே உரிய ஒரு சங்கதி. வளைவில் ட்ரெய்லர் கெப் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். இடது வளைவில் மலைப் பக்கம் சிமெந்துக் காண் இருக்கும். கெப்பின் சக்கரம் ரோட்டிலேயே இருக்க, ட்ரெய்லரின் இடது சக்கரம் காணின் விளிம்பில் ஏறி இறங்கும். பாரம் ஏற்றிய டயரின் பக்கச்சுவர் அந்த விளிம்பில் நசுங்கினால் உள்ளே நூல் அறுந்துவிடும். வெளியே அப்போது ஒன்றும் தெரியாது. பத்து இருபது கிலோமீட்டர் போன பிறகு பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு புடைப்பு வரும். அது வந்தால் அந்த டயரின் கதை முடிந்தது, உடனே மாற்றுங்கள். ஒட்டவும் முடியாது, அடைப்பு மருந்து ஊற்றியும் பிரயோசனமில்லை. ஸ்பெயார் டயருக்குப் பதில் மருந்துப் போத்தலும் சின்னப் பம்பும் மட்டும் கொடுக்கிற வாகனங்கள் இப்போது நிறைய ஓடுகின்றன. ஆணி ஓட்டைக்கு அது சரி, பக்கச்சுவர் கிழிசலுக்கு ஒன்றுக்கும் உதவாது.

எந்த டயர் என்று பார்ப்போம். ட்ரெய்லரில் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே வகை இருக்க வேண்டும், ஸ்பெயாரும் அதே. பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கும், அது சுமை எண். 91 என்றால் அந்த டயர் தாங்குவது 615 கிலோ. வேன்களுக்கும் சின்ன லொறிகளுக்கும் போடுகிற 195ஆர்14சி டயரில் 106/104 என்று இருக்கும். அச்சில் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டால் 950 கிலோ தாங்கும். உங்கள் ட்ரெய்லர் சாமானோடு 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் ஏறத்தாழ 120 கிலோ போனால் மிச்சம் 1,080, ஒரு டயருக்கு 540. காகிதத்தில் 91 போதும்போல்தான் தெரியும். ஆனால் வளைவில் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சாயும், குழியில் இறங்கினால் ஒரு கணம் இரண்டு மடங்காகும், யாராவது கடைசி நிமிடத்தில் இரண்டு அரிசி மூட்டையைக் கூடப் போடுவார்கள். கார் டயரை ட்ரெய்லருக்குப் போடாதீர்கள், அளவின் கடைசியில் சி என்று இருக்கிற வேன் டயரே போடுங்கள். ஸ்பெயார்தானே என்று தேய்ந்த கார் டயர் ஒன்றை அங்கே கட்டி வைப்பவர்களைப் பார்க்கிறேன். பாரத்தோடு மலை இறங்க வேண்டியது அந்த டயர்தான் என்பதை யோசிக்க வேண்டும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள். பத்து வருடம் ஆனால் ஒருநாளும் தரையைத் தொடாத டயராக இருந்தாலும் கழித்துவிடுங்கள். நம் நாட்டில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஜப்பானிலிருந்து பாவித்த வாகனமாக வந்தவற்றில் ஸ்பெயார் டயர் பெரும்பாலும் அங்கேயே போட்டது. 2020இல் வாகன இறக்குமதி நின்றபிறகு அதே வாகனங்களைத்தான் வருடக்கணக்கில் ஓட்டினோம். தரையில் படுகிற பூ அப்படியே இருக்கும், புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கிற ரப்பர் முடிகூடத் தேய்ந்திருக்காது, பார்த்தால் புது டயர். இலக்கத்தைப் பார்த்தால் பன்னிரண்டு பதின்மூன்று வயது. ரப்பர் ஓடினால்தான் கெடும் என்பதில்லை, சும்மா இருந்தும் இறுகிவிடும். பூவின் இடுக்கை விரலால் விரித்துப் பாருங்கள், வயல் வெடிப்பு மாதிரிக் கோடுகள் தெரிந்தால் அதை நம்ப வேண்டாம்.

காற்று. எந்த டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாகவே குறையும். ஓடுகிற டயரை அடிக்கடி பார்க்கிறோம், ஸ்பெயாரை மறந்துவிடுகிறோம், ஒரு வருடத்தில் அது பாதி இறங்கிக் கிடக்கும். நான் போயா நாளை இதற்கு வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒன்று தவறாமல் வரும், வேலையும் இருக்காது. ஸ்பெயாரைக் கட்டும்போது வால்வு கைக்கு எட்டும் பக்கம் இருக்கும்படி கட்டுங்கள். கெப்புக்கும் ட்ரெய்லருக்கும் பொதுவான ஸ்பெயார் என்றால், இரண்டில் எதற்குக் கூடக் காற்று வேண்டுமோ அந்த அளவுக்கு அடித்து வையுங்கள். கூட இருப்பதை ரோட்டில் இறக்கிவிடலாம், குறைவாக இருந்தால் பம்ப் தேட வேண்டும்.

மலையில் அடித்த காற்று கீழே போனால் கூடிவிடுமா என்று பலரும் கேட்பார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், வெல்லவாய 200 மீட்டர் கூட இல்லை. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் அங்கே காற்றுக் கேஜ் அதிகமாகக் காட்டும். கீழே வந்தால் அந்தக் காரணத்தால் மட்டும் இரண்டரை பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்துக் காட்டும். ஆனால் காலையில் நுவரெலியாவில் 15 பாகை குளிர், வெல்லவாயவில் 32 பாகை வெக்கை. அந்தச் சூட்டால் 35 பி.எஸ்.ஐ. டயரில் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். ஒன்றை ஒன்று ஈடு கட்டிவிடும். எனவே ஓடாத ஸ்பெயாரை வீட்டில் குளிர்ந்த நேரத்தில் சரியாக அடித்து வைத்தால் இறங்கிய பிறகு அதைத் தொட வேண்டியதில்லை. ஓடுகிற டயர் வேறு. பிரேக் சூடு ரிம் வழியாக டயருக்கு ஏறி அழுத்தம் கூடியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்காதீர்கள், ஆறியபின் குறைந்துபோகும். இறக்கத்தில் சின்ன கியரில் இறங்கினால் பிரேக்கும் பிழைக்கும், டயரும் பிழைக்கும்.

இனி எங்கே கட்டுவது. ட்ரெய்லர் ஸ்பெயாரை ட்ரெய்லரின் முன்பக்கம், இழுவைக் கம்பியின் மேல் கட்டுங்கள். பின் கதவில் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இருபது இருபத்தைந்து கிலோ கடைசியில் தொங்கும்போது கொக்கியில் பாரம் குறைந்து ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் இருக்க வேண்டும். முன்னால் கட்டும்போது ஒரு சோதனை: கெப்பை முழுதாக ஒடித்து இரண்டு பக்கமும் திருப்பி, பம்பரோ பின் கதவோ டயரில் இடிக்கிறதா என்று பாருங்கள். நேர் ரோட்டில் இடிக்காதது றம்பொடை வளைவுகளிலும் மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவிலும் இடிக்கும். இறக்கம் முடிந்து ஏற்றம் தொடங்குகிற இடத்தில் கெப்பின் பின்பக்கம் தாழ்ந்து வரும், அதற்கும் இடம் விடுங்கள். கயிற்றால் கட்டாதீர்கள், தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள், பூட்டும் போடுங்கள். வெயிலுக்கு ஒரு கன்வஸ் உறை போட்டால் ரப்பர் இரண்டு மடங்கு நாள் உழைக்காவிட்டாலும் வெடிப்பு தள்ளிப்போகும். படுக்கையாகக் கட்டினால் ரிம்முக்குள் மழைத்தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெப்புக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிற ஸ்பெயாருக்கு எதிரி சேறு. தோட்டத்து ரோட்டுச் சேறு, சங்கிலியைச் சுற்றி டயரை ஏற்றி இறக்குகிற பெட்டிக்குள் போய் இறுகி, துரு பிடித்து, தேவைப்படும் நாளில் இறங்கவே மாட்டேன் என்று நிற்கும். வருடத்துக்கு இரண்டு முறை முழுதாக இறக்கி, கழுவி, காயவைத்து, சங்கிலிக்கும் சுற்றுக்கும் கிரீஸ் போட்டு ஏற்றுங்கள். இறக்குகிற நீளக் கம்பி வண்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜாக் இருக்கும், கம்பி வீட்டில் இருக்கும், இது அடிக்கடி நடப்பது.

ஜாக்கைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காற்று இருக்கும்போது ட்ரெய்லர் அச்சின் கீழ் போத்தல் ஜாக் அழகாக நுழையும். காற்று போனால் அச்சு தாழ்ந்துவிடும், நுழையாது. அதனால் வாசலில் பழகும்போதே காற்றை முழுதாக இறக்கிவிட்டுப் பழகுங்கள். நுழையவில்லை என்றால் ஒரு கையகலப் பலகையை டயருக்கு முன் போட்டு, கெப்பை மெதுவாக இழுத்து அதன்மேல் ஏற்றினால் இடம் கிடைக்கும். ஜாக்கை ஸ்பிரிங் அச்சில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். நம் ரோட்டோர மண் மழையில் புட்டு மாதிரி இருக்கும், ஜாக்குக்கு அடியில் இன்னொரு தடித்த பலகை வேண்டும்.

சரிவில் மாற்ற வேண்டி வந்தால் ட்ரெய்லரைக் கொக்கியிலிருந்து கழற்றவே கூடாது. முடிந்தால் ரிம் போனாலும் பரவாயில்லை என்று நூறு இருநூறு மீட்டர் மெதுவாக ஊர்ந்து சமதரைக்கு வாருங்கள், ரிம்மை வாங்கலாம். முடியாவிட்டால் கெப்புக்கும் ட்ரெய்லரின் மற்றச் சக்கரத்துக்கும் இறக்கத்துப் பக்கம் கட்டை வைத்து, ஆட்களை இறக்கி மலைப் பக்கம் நிறுத்திவிட்டுத்தான் ஜாக்கைத் தொட வேண்டும். கெப்பின் பின்சக்கரத்தை மாற்றுவதென்றால் இன்னும் கவனம். ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் கியரில் விட்டிருப்பது பிடிக்காது, ஹேண்ட் பிரேக் ஒரு சக்கரத்தை மட்டும்தான் தரையில் பிடித்திருக்கும். பாரமான ட்ரெய்லர் பின்னால் இருக்கும்போது கட்டைதான் உங்கள் உயிர். முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் பத்தடியில் வைத்துவிட்டு இருக்காதீர்கள், வளைவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வையுங்கள். நானுஓயாவிலும் ஹக்கலவிலும் மூடுபனி இறங்கினால் பகலிலேயே இருபதடிக்கு அப்பால் தெரியாது, ஒருவரை டோர்ச் லைட்டோடு அங்கே நிறுத்துங்கள்.

நட்டை ஜாக் ஏற்றுமுன் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள், மாட்டியபின் எதிரெதிராக இறுக்குங்கள், ஐம்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். ஸ்பானருக்கு ஒரு முழ நீள இரும்புப் பைப் வைத்துக்கொண்டால் வயதானவர்கூடக் கழற்றலாம். கம்பித் தூரிகை, காற்றுக் கேஜ், பற்றரியில் ஓடும் சின்ன கொம்ப்ரெசர், மழைக்கோட், முழங்கால் ஊன்ற ஒரு சாக்கு. சாக்கை மறக்காதீர்கள், ஈரப் புல்லில் முழங்கால் போட்டால் அட்டை ஏறும்.

வழியில் நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை மூன்று இடத்திலும் தேத்தண்ணிக்கு நிற்கிறீர்கள்தானே. கோப்பையைக் கையில் எடுக்குமுன் ட்ரெய்லரைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு டயர் மட்டும் மற்றதைவிடச் சூடு என்றால் காற்று குறைவு. ஹப் சூடு என்றால் பெயாரிங் அல்லது பிரேக். இடது டயரின் உள்பக்கச் சுவரைக் குனிந்து பார்க்க வேண்டும், காணில் அடிபட்ட காயம் அங்கேதான் இருக்கும்.

கடைசியாகப் புத்தல. வெல்லவாய இறங்கியதும் எல்லோரும் மலை முடிந்தது என்று மூச்சு விடுவார்கள். ஆனால் புத்தலவிலிருந்து கதிர்காமம் போகும் காட்டு ரோட்டில் யானைகள் ரோட்டோரம் நின்று வாகனங்களை மறித்துத் தீனி கேட்டுப் பழகியவை. அன்னதானச் சாமானோடு, மரக்கறி வாசனையோடு, டயர் மாற்ற அங்கே நிற்கிற நிலை யாருக்கும் வரக்கூடாது. புத்தல டவுனிலேயே நிறுத்தி எல்லா நட்டையும் காற்றையும் பாருங்கள். சந்தேகமான டயர் இருந்தால் அங்கேயே மாற்றிவிடுங்கள், ஒட்டக்கூடியதை ஒட்டி அதைப் புது ஸ்பெயாராக வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்துவிட்டால் அந்த ரோட்டில் போகாதீர்கள். வெல்லவாயவுக்குத் திரும்பித் தணமல்வில, திஸ்ஸமஹாராம வழியாகச் சுற்றிப் போங்கள், அல்லது புத்தலவில் தங்கிக் காலையில் புறப்படுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டிப் பார்த்துவிட்டு, ட்ரெய்லரில் எத்தனை நட்டு, டயர் அளவு என்ன, நான்கு இலக்கம் என்ன என்று எழுதுங்கள். அந்த ரிம்முக்கு என்ன டயர் தேடுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.